ஊர் கபடியில் ஷீல்டு வாங்கினால் மட்டும் போதுமா? போலீஸ், ரெயில்வே வேலை வரை போவது எப்படி? 25 வயதுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

மன்னார்குடி:-

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கம் பொங்கல் முடிந்த கையோடு கபடி சீசன் ஆரம்பித்து விடும். அறுவடை முடிந்த வயலை சமப்படுத்தி, நாலு மூலையிலும் கம்பம் நட்டு, லைட் கட்டி, விடிய விடிய தொடர் ஆட்டம் நடக்கும். ஆளுயர கோப்பை, ரொக்கப்பரிசு, மைக்கில் வர்ணனை என்று ஊரே திரண்டு நிற்கும்.

இதில் ஆடுகிற வாலிபர்கள் பலருக்கு 18 வயதில் இருந்து 25 வயது வரை பேரும் புகழும்தான். எந்த ஊருக்கு போனாலும் விசில் பறக்கும். ஆனால் 26, 27 வயதில் முட்டி வலி வந்து உட்காரும்போது கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பரண் மேல் தூசி படிந்த 40 ஷீல்டுகள்தான். ஒரு அரசு வேலைக்கு கூட அந்த ஷீல்டை காட்ட முடியாது.

அதே வயது, அதே திறமை உள்ள இன்னொரு பையன் போலீஸ் சீருடையில் நிற்கிறான். அவன் இவனை விட பெரிய ஆட்டக்காரனாக இருக்க வேண்டும் என்பது இல்லை. எந்த போட்டிக்கு போக வேண்டும், எந்த சர்டிபிகேட்டை வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லித்தர அவனுக்கு ஒரு ஆள் இருந்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

கபடியில் எங்கே தொடங்குவது, எப்படி மேலே போவது என்பது பற்றிய விவரம் வருமாறு:-

வடுவூர் பையன், கண்ணகி நகர் பொண்ணு

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பக்ரைன் நாட்டில் ஆசிய இளைஞர் விளையாட்டு போட்டி நடந்தது. கபடியில் இந்திய ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே தங்கம் வென்றன. இரண்டு இறுதிப்போட்டியிலும் எதிரில் நின்றது ஈரான். பெண்கள் அணி 75-21 என்று ஈரானை துவைத்து எடுத்து விட்டது.

இந்த இரண்டு அணிகளிலும் தமிழ்நாட்டை சேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் திருவாரூர் மாவட்டம் வடுவூரை சேர்ந்த அபினேஷ். இன்னொருவர் சென்னை கண்ணகி நகரை சேர்ந்த கார்த்திகா. இவர் பெண்கள் அணியின் துணை கேப்டன். இருவருக்கும் தமிழக அரசு தலா ரூ.25 லட்சம் ஊக்கத்தொகை வழங்கியது.

தஞ்சை- மன்னார்குடி ரோட்டில் இருக்கும் வடுவூர் பற்றி டெல்டாக்காரர்களுக்கு சொல்ல வேண்டியது இல்லை. ஏரியும், கோதண்டராமர் கோவிலும் எவ்வளவு பிரசித்தமோ அவ்வளவு பிரசித்தம் அந்த ஊர் கபடி. ஒரு கிராமத்தில் உள்விளையாட்டு அரங்கமே இருக்கிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

கண்ணகி நகர் கதை வேறு. சென்னை நகருக்குள் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் குடியேற்றப்பட்ட இடம். "கண்ணகி நகர்" என்று முகவரி சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள் என்ற குறை அங்குள்ளவர்களுக்கு ரொம்ப காலமாக உண்டு. அங்கிருந்துதான் இந்த பெண் இந்திய அணிக்கு போனார்.

இதற்கு முன்பும் ஆட்கள் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்தில் இருந்து போன மணத்தி கணேசன், 1994-ம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அர்ஜூனா விருது பெற்றவர். 2025-ல் வெளிவந்த பைசன் படம் இவரது வாழ்க்கையை தழுவி எடுக்கப்பட்டதுதான். தஞ்சை மாவட்டத்தை சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 40 வயதை தாண்டிய பிறகும் புரோ கபடி லீக்கில் ஆடினார். 2016-ல் உலக கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

இவர்கள் எல்லாம் உச்சத்துக்கு போனவர்கள். எல்லாராலும் அது முடியாது. ஆனால் அந்த பாதையில் பாதி தூரம் போனாலே ஒரு குடும்பம் நிமிர்ந்து விடும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் படி பள்ளிக்கூடம்

பையனோ பெண்ணோ 6-ம் வகுப்பு, 7-ம் வகுப்பு படிக்கும்போதே ஆட்டத்தில் ஆர்வம் இருப்பது தெரிந்து விடும். அப்போது பெற்றோர் முதலில் பார்க்க வேண்டிய ஆள் பள்ளிக்கூட பி.டி. சார்.

பள்ளி விளையாட்டு போட்டிகள் குறுவட்ட அளவில் ஆரம்பிக்கும். அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்ட போட்டி, அதற்கு மேல் மாநில போட்டி. கபடி, வாலிபால் மாதிரி குழு விளையாட்டுகளை பாரதியார் தின போட்டி என்றும், ஓட்டம், தாண்டுதல் மாதிரி தடகளத்தை குடியரசு தின போட்டி என்றும் பிரித்து நடத்துவது வழக்கம். 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று தனித்தனி பிரிவு உண்டு.

மாநில அளவில் நன்றாக ஆடுகிறவர்களை பொறுக்கி எடுத்து தேசிய பள்ளி விளையாட்டு குழுமம் நடத்தும் போட்டிக்கு தமிழ்நாடு அணியாக அனுப்புவார்கள். அந்த அணியில் ஒருமுறை இடம்பிடித்தால் அந்த சர்டிபிகேட் கல்லூரி சேர்க்கைக்கும், பிறகு வேலைக்கும் உதவும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 10-ம் வகுப்பு, பிளஸ்-2 வந்ததும் "பரீட்சை வருது, ஆட்டத்த நிறுத்து" என்று வீட்டில் சொல்லி விடுகிறார்கள். சில பள்ளிகளிலும் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக் கொள்வது நடக்கிறது. 17 வயது, 19 வயது பிரிவில் ஆட வேண்டிய முக்கியமான வருடங்கள் அப்படியே போய்விடும். அந்த வயது திரும்ப வராது.

சாப்பாடு, தங்குமிடம் இலவசம்

வீட்டில் வசதி இல்லை, நல்ல சாப்பாடு போட முடியவில்லை என்பவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது அரசு விளையாட்டு விடுதி.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் என்ற அமைப்பு 1992-ல் தொடங்கப்பட்டது. மாவட்டத்துக்கு ஒரு விளையாட்டு அலுவலர் இருக்கிறார். தஞ்சைக்காரர்கள் அன்னை சத்யா ஸ்டேடியத்திலும், மற்ற மாவட்டத்தினர் அவரவர் மாவட்ட விளையாட்டு அரங்கத்திலும் விசாரிக்கலாம்.

இந்த ஆணையம் நடத்தும் விடுதிகள் பல ஊர்களில் உள்ளன. மதுரை, திருச்சி, நெல்லை, கடலூர், கிருஷ்ணகிரி போன்ற இடங்களில் மாணவர்களுக்கும், ஈரோடு, திருவண்ணாமலை, பெரம்பலூர் போன்ற இடங்களில் மாணவிகளுக்கும் விடுதிகள் உண்டு. வழக்கமாக 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேரப் போகிறவர்களுக்கு கோடை விடுமுறையில் தேர்வு நடக்கும். முதலில் மாவட்ட அளவில், பிறகு மாநில அளவில்.

தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, விளையாட்டு உடை எல்லாம் இலவசம். பக்கத்து பள்ளிக்கூடத்தில் படிப்பும் நடக்கும். விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளம் வழியாகத்தான். பேப்பரில் அறிவிப்பு வந்து சில நாட்களிலேயே கடைசி தேதி வந்து விடும் என்பதால் ஏப்ரல் மாதம் பிறந்தாலே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொண்டு பார்க்க வேண்டும்.

பிளஸ்-2 முடித்தவர்களுக்கு சிறப்பு நிலை விடுதி என்று தனியாக உண்டு. கல்லூரியில் படித்துக் கொண்டே அங்கே தங்கி பயிற்சி எடுக்கலாம்.

பிள்ளையை விடுதியில் விடுவதற்கு மனசு வராத தாய்மார்கள் நிறைய. அதிலும் பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை நேரில் போய் விடுதியை, சமையலை, வார்டனை பார்த்து விட்டு முடிவு செய்வது நல்லது. பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்வதும் தப்பு, பார்க்காமலேயே கொண்டு போய் விடுவதும் தப்பு.

ஊர் போட்டி வேறு, கழக போட்டி வேறு

பள்ளிக்கூடம் போகாதவர்கள், படிப்பை நிறுத்தி விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அது கிளப் வழி.

ஊரில் இருக்கும் கபடி குழு மாவட்ட அமெச்சூர் கபடி கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட கழகம் தமிழ்நாடு அமெச்சூர் கபடி கழகத்தின் கீழ் வருகிறது. வருடம்தோறும் மாவட்ட சாம்பியன்ஷிப் நடத்தி, அதில் நன்றாக ஆடுகிறவர்களை மாவட்ட அணிக்கு எடுப்பார்கள். மாவட்ட அணிகள் மாநில சாம்பியன்ஷிப்பில் மோதும். அங்கிருந்து தமிழ்நாடு அணி. தமிழ்நாடு அணி தேசிய சாம்பியன்ஷிப்புக்கு போகும்.

16 வயதுக்கு உட்பட்டோர் சப்-ஜூனியர். 20 வயதுக்கு உட்பட்டோர் ஜூனியர். அதற்கு மேல் சீனியர். எல்லா பிரிவிலும் எடை வரம்பு உண்டு. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ.

விடிய விடிய நடக்கும் ஊர் தொடர் ஆட்டம் இந்த கணக்கில் வராது. அதில் ஜெயித்தால் ரொக்கம் கிடைக்கும், பெயர் கிடைக்கும், கூட்டத்தை பார்த்து பயம் போகும். அதனால் அதை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நல்ல ரைடர்கள் பலர் அந்த மண்ணில்தான் பழகினார்கள்.

ஆனால் பரிசுக்காக வெளியூர் ஆட்டக்காரர்களை காசு கொடுத்து இறக்குவது அதிகமாகி விட்டது. இன்றைக்கு ஒரத்தநாடு, நாளைக்கு பண்ருட்டி, நாளை மறுநாள் திண்டுக்கல் என்று மூன்று ராத்திரி தூங்காமல் ஆடி ஆயிரம், இரண்டாயிரம் வாங்குகிற பையன்கள் இருக்கிறார்கள். மாவட்ட தேர்வு நடக்கும் அன்று காலையில் அவர்களுக்கு கண் திறக்காது. மூன்று ராத்திரி கூலிக்காக மூன்று வருட வாய்ப்பை விடுகிறோம் என்று அந்த வயதில் தெரிவதில்லை.

முதல்-அமைச்சர் கோப்பை போட்டியையும் மறக்கக்கூடாது. 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள் என்று தனித்தனி பிரிவாக இந்த போட்டி நடந்தது. பொதுப்பிரிவில் 15 வயது முதல் 35 வயது வரை கலந்து கொள்ளலாம் என்பதால் கட்டிட வேலை பார்ப்பவர், லோடு ஏற்றுபவர் என்று யாரும் அணி சேர்த்து பதிவு செய்ய முடிந்தது. கபடியும் அதில் உண்டு. மாநில அளவில் ஜெயிக்கிற அணியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக பரிசுத்தொகை கிடைத்தது.

மண் தரையில் ஆடி மேட்டில் வழுக்குகிறார்கள்

மாவட்ட தேர்வுக்கு வரும் கிராமத்து பையன்கள் பலர் தோற்பது பலத்தில் இல்லை, விதிமுறையில்.

ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12 மீட்டர், 8 மீட்டர். நடுக்கோட்டில் இருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. பெண்களுக்கு 3 மீட்டர். பாடிப் போகிறவர் அந்த கோட்டை தாண்டாமல் திரும்பினால் அவுட். அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எதிரில் 6 பேர் அல்லது 7 பேர் நிற்கும்போது மட்டும்தான் போனஸ் புள்ளி. ஒரு ரைடுக்கு 30 வினாடி.

இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு லாபி இருக்கிறது. எதிராளியை தொடுவதற்கு முன்பு லாபியில் கால் வைத்தால் அவுட். ஊர் களத்தில் சுண்ணாம்பு கோடு காலடி பட்டு அரை மணி நேரத்தில் அழிந்து விடும். அங்கே லாபியை யாரும் கண்டுகொள்வதும் இல்லை. அந்த பழக்கத்தோடு வந்து தேர்வில் முதல் ரைடிலேயே அவுட் ஆகி வெளியே உட்காருகிற பையனை பார்த்தால் பாவமாக இருக்கும்.

மாநில போட்டிக்கு மேல் எல்லாம் செயற்கை விரிப்பில்தான். மேட் என்பார்கள். மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர் மேட்டில் ஏறினால் முதலில் வழுக்கும், அப்புறம் திடீரென்று கால் பிடித்துக் கொள்ளும். முட்டி திரும்புவது அப்போதுதான். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பாவது மேட் இருக்கும் இடத்தை தேடிப்போய், கபடி ஷூ போட்டு பழக வேண்டும். ஊரில் மேட் இல்லை என்றால் மாவட்ட விளையாட்டு அரங்கத்திலோ, அருகில் உள்ள கல்லூரியிலோ கேட்டுப் பார்க்கலாம்.

2024-ல் மாநிலத்தில் உள்ள 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் தொகுப்பு என்று 33 வகை பொருட்கள் வழங்கும் திட்டம் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் ஊராட்சிக்கு வந்த தொகுப்பு எங்கே இருக்கிறது என்று தலைவரிடமோ, செயலாளரிடமோ கேட்க ஊர் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. அறையில் பூட்டி வைத்தால் பந்து காற்று இறங்கிப் போகுமே தவிர வேறு பிரயோஜனம் இல்லை.

எந்த சர்டிபிகேட் செல்லும்?

இந்த கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஷீல்டையோ, பேப்பரில் வந்த போட்டோவையோ கேட்க மாட்டார்கள். பாரம்-1, பாரம்-2 என்று கேட்பார்கள். மத்திய அரசு வேலைக்கு இதன் கணக்கு இப்படி:

இந்தியாவுக்காக வெளிநாட்டு அணிகளுடன் ஆடியிருந்தால் பாரம்-1. தேசிய சாம்பியன்ஷிப்பில் மாநிலத்துக்காக ஆடியிருந்தால் பாரம்-2. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் பாரம்-3. தேசிய பள்ளி போட்டியில் மாநில பள்ளி அணிக்காக ஆடியிருந்தால் பாரம்-4.

இந்த படிவங்களில் கையெழுத்து போட வேண்டியவர் யார் என்பதும் தீர்மானிக்கப்பட்டு இருக்கிறது. உதாரணமாக பாரம்-3க்கு பல்கலைக்கழக விளையாட்டு இயக்குனரும், பாரம்-4க்கு பள்ளிக்கல்வி துறை அதிகாரியும் கையெழுத்து போட வேண்டும். போட்டி முடிந்த சூட்டோடு சூடாக வாங்கி வைத்து விட வேண்டும். ஐந்து வருடம் கழித்து போனால் அந்த அதிகாரி மாறியிருப்பார், ரிஜிஸ்டர் எங்கே என்று தேடுவார்கள். விண்ணப்பத்தின் கடைசி தேதி அதற்காக காத்திருக்காது.

சர்டிபிகேட்டில் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பள்ளி மாற்றுச்சான்றிதழில் இருப்பது போலவே இருக்க வேண்டும். பள்ளியில் "ம.மணிகண்டன்", கிளப்பில் "மணி" என்று இருந்தால் சரிபார்ப்பில் தலைவலிதான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "இந்திய", "அகில இந்திய", "பெடரேஷன்" என்று பெரிய பெரிய பெயர் வைத்துக் கொண்டு, பணம் கட்டினால் தேசிய போட்டி, கொஞ்சம் கூட கட்டினால் நேபாளம் கூட்டிப்போய் சர்வதேச போட்டி என்று சொல்லும் ஆட்கள் சுற்றுகிறார்கள். போய் வந்தால் மெடல், கோட்டு, சர்டிபிகேட் எல்லாம் கிடைக்கும். ஊரில் பிளக்ஸ் போர்டும் வைப்பார்கள். கலெக்டரிடம் வாழ்த்து வாங்கி போட்டோவும் வரும். வேலைக்கு போய் நீட்டும்போதுதான் அந்த அமைப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரியும்.

நகையை அடகு வைத்து பிள்ளையை இப்படி அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. பணம் கேட்டாலே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்த அமைப்புக்கு மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அங்கீகாரம் உண்டா, அந்த போட்டியின் சர்டிபிகேட் வேலைக்கு செல்லுமா என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டால் போதும். கேட்பதற்கு காசு கிடையாது.

போலீஸ், ரெயில்வே, அரசு வேலை

தமிழ்நாடு சீருடை பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலை காவலர், சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுகளில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. இரண்டாம் நிலை காவலருக்கு 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும். ஆனால் உயரம், ஓட்டம் இதில் எல்லாம் பாஸ் ஆக வேண்டும். பொதுவாக ஆண்களுக்கு 170 செ.மீ. உயரமும், 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிப்பதும் கேட்கிறார்கள். பெண்களுக்கு 159 செ.மீ. உயரம், 400 மீட்டர் ஓட்டம். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு உயரத்தில் சலுகை உண்டு. எழுத்து தேர்வும் எழுத வேண்டும். "நான் ஸ்டேட் பிளேயர், எழுத்து தேர்வு எதுக்கு?" என்று மெத்தனமாக இருந்து போனவர்கள் உண்டு.

ரெயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு தனியாக அறிவிப்பு வரும். வயது 18 முதல் 25 வரை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மற்ற வேலைகளில் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோருக்கு வயது சலுகை இருக்கிறது அல்லவா, அது இந்த ஒதுக்கீட்டில் கிடையாது. 25 என்றால் எல்லாருக்கும் 25.

மார்க் போடும் முறை: மொத்தம் 100. விளையாட்டு சாதனைக்கு 50. களத்தில் இறக்கி ஆட விட்டு, உடல்தகுதி பார்த்து, பயிற்சியாளர் போடுவது 40. படிப்புக்கு 10. அதாவது சர்டிபிகேட் மட்டும் இருந்து ஆட்டம் வராவிட்டாலும் கஷ்டம், ஆட்டம் இருந்து சர்டிபிகேட் இல்லாவிட்டாலும் கஷ்டம்.

மாநில அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. முன்பு இது 2 சதவீதமாக இருந்து பிறகு உயர்த்தப்பட்டது. மேல்படிப்பு என்று பார்த்தால் என்ஜினீயரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ்.சில் 7 இடம் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. அரசு கலைக்கல்லூரிகளில் விளையாட்டு பிரிவுக்கு பொதுக்கலந்தாய்வுக்கு முன்பே தனி கலந்தாய்வு நடக்கும். தனியார் கல்லூரிகள் சில, நல்ல கபடி வீரர் என்றால் பீஸ் வாங்காமல், ஹாஸ்டலும் கொடுத்து சேர்த்துக் கொள்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி 2017-ல் சேர்ந்தது. டி.வி.யில் பார்த்து விட்டு நேராக அங்கே போய் விடலாம் என்று நினைக்கிற பையன்கள் அதிகம். லட்சக்கணக்கில் ஏலம் போகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதை மட்டும் நம்பி போலீஸ் விண்ணப்பத்தை போடாமல் விட வேண்டாம்.

ஜவ்வு கிழிந்தால்?

"கால் உடைஞ்சா யார் பாக்குறது?" இதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி.

கபடியில் அதிகம் அடிபடுவது முட்டி. உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். பையனும் எண்ணெய் தடவி, கட்டு போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி இறங்குவான். இரண்டாவது முறை திரும்பும்போது ஆட்டமே முடிந்து விடும். முட்டி வீங்கி, நடக்கும்போது மடங்கி விழுகிற மாதிரி இருந்தால் மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு பிரிவு டாக்டரிடம் காட்டி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும்.

தலை, கழுத்து, நெஞ்சில் அடிபட்டால் அடுத்த ரைடுக்கு எழுந்து போகவே கூடாது. 2022-ம் ஆண்டு ஜூலை மாதம் பண்ருட்டி அருகே நடந்த போட்டியில் ஆடிக்கொண்டிருந்த இளம் வீரர் ஒருவர் களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்து போனார். மாநிலத்தையே உலுக்கிய சம்பவம் அது. மைக் செட், லைட், பட்டாசுக்கு பணம் ஒதுக்கும் விழாக்குழுவினர் ஒரு ஆம்புலன்சை நிறுத்தி வைக்க யோசிப்பது சரியில்லை. ஆம்புலன்ஸ் இல்லாத போட்டியில் அணியை இறக்க மாட்டோம் என்று கிளப்புகள் சொன்னால் தானாக வழிக்கு வருவார்கள்.

எடை பிரிவுக்காக பட்டினி கிடப்பது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, ஜிம்மில் யாரோ கொடுக்கிற பவுடர், ஊசி இதெல்லாம் தனி ஆபத்து. பெரிய போட்டிகளில் ஊக்கமருந்து சோதனை உண்டு. மாட்டினால் தடை. வாங்கிய மெடலும் போகும்.

பெண் பிள்ளைகளுக்கு போட்டி குறைவு, வாய்ப்பு அதிகம்

ஆண்களில் ஒரு மாவட்ட அணிக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வரிசை கட்டுவார்கள். பெண்கள் அணிக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. ஆசிய விளையாட்டு போட்டியில் ஆண்கள் கபடி 1990-ல் வந்தது. பெண்கள் கபடி 2010-ல்தான் வந்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய போட்டியில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் தங்கம் வாங்கின. போலீஸ், ரெயில்வே இரண்டிலும் பெண் வீராங்கனைகளுக்கு இடம் உண்டு.

பெண் பிள்ளைகள் பாதியில் நிற்பதற்கு காரணம் ஆட்டம் இல்லை. பயிற்சி முடிந்து இருட்டில் வீடு திரும்ப பஸ் இல்லாதது, ஷார்ட்ஸ் போடக்கூடாது என்று உறவினர்கள் பேசுவது, மைதானத்தில் உடை மாற்றவும் கழிப்பறைக்கும் இடம் இல்லாதது. ஒரே தெருவில் இருந்து நாலு பெண்கள் சேர்ந்து போனால் பாதி பிரச்சினை தீர்ந்து விடுகிறது. அண்ணனோ, அப்பாவோ ஒரு மாதம் மைதானம் வரை கூட போய் வந்தால் பேசுகிறவர்களும் அடங்கி விடுவார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

வயது தாண்டி விட்டதே என்று இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. கபடி கழகம் நடத்தும் நடுவர் தேர்வு எழுதலாம். பயிற்சியாளர் ஆக விரும்புகிறவர்களுக்கு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமோ படிப்பும், 6 வார சர்டிபிகேட் படிப்பும் உண்டு. டிகிரி முடித்தவர்கள் பி.பி.எட். படித்து உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம்.

கோடை தேர்வுக்கு போகிறவர்கள் முதல் நாளே ஒரு பையில் எடுத்து வைக்க வேண்டியவை: ஆதார் அட்டை, பிறப்பு சான்றிதழ், பள்ளி தலைமை ஆசிரியரிடம் வாங்கிய படிப்பு சான்று, சாதி சான்றிதழ், இதுவரை ஆடிய போட்டிகளின் சர்டிபிகேட் ஒரிஜினல், எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ், நாலு போட்டோ, ஷூ, முட்டிக்கவசம், தண்ணீர் பாட்டில். நகம் வெட்டியிருக்க வேண்டும். நகத்தோடு போனால் நடுவர் களத்துக்குள் விட மாட்டார். காலை 7 மணி என்று போட்டிருந்தால் 6 மணிக்கே போய் பெயர் கொடுத்து விட வேண்டும். பெயர் கொடுக்கும் வரிசை மூடிய பிறகு எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் வந்தாலும் சேர்க்க மாட்டார்கள்.